துரத்தும் நாய்க்கு எது சரி: குட்டைக் கயிறா, நீளக் கயிறா, விசில் பயிற்சியா, ஷாக் காலரா?

புதருக்குள்ளிருந்து ஒரு முயல் பாய்கிறது. நாய் கயிற்றைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. பின்னாலேயே பெயரைச் சொல்லிக் கத்தியபடி நாய்க்காரர் ஓடுகிறார். இரண்டு மூன்று முறை இப்படி நடந்த பிறகுதான் பலருக்கும் கேள்வி வருகிறது. எப்போதும் கயிற்றிலேயே வைத்திருப்பதா? பத்து மீட்டர் கயிறு வாங்குவதா? விசில் ஊதினால் திரும்பி வரப் பழக்குவதா? கழுத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கும் ஷாக் காலர் போட்டுவிடலாமா?

கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சொல்பவரின் நாய்க்கும் அவர் போகும் இடத்துக்கும் அது பொருந்தியும் இருக்கும். உங்கள் நாய்க்குப் பொருந்துமா என்று தெரிய வேண்டுமானால், துரத்தல் எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கடையில் வாங்கும் பொருளைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகு.

## துரத்தல் ஓட்டத்தில் தொடங்குவதில்லை

வேட்டை ஒரே செயல்போலத் தெரியும். உண்மையில் அது வரிசையான கட்டங்கள்: கவனித்தல், உற்றுப் பார்த்தல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லும் கடி, கிழித்தல், தின்னுதல். ஓநாயிடம் இந்த வரிசை முழுதாக இருக்கிறது. நாய்களிடம் மனிதர்கள் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதால் சில கட்டங்கள் பெருத்தும் சில தேய்ந்தும் போயின. ஆடு மேய்க்கும் பார்டர் காலிக்கு உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் மிகுதி. ரிட்ரீவருக்குக் கவ்விக் கொண்டுவருவதில் ஆசை. சிப்பிப்பாறை, கிரேஹவுண்ட் போன்றவை கண்ணால் கண்டதும் பறப்பவை. பீகிள் மோப்பத்தின் பின்னால் போகும். விலங்கு கண்ணில் படவே வேண்டியதில்லை. டெரியருக்குக் கவ்வி உலுக்கும் கடைசிக் கட்டங்கள்தான் பெரிய சுகம்.

இந்தக் கட்டங்களில் ஒவ்வொன்றுமே நாய்க்கு இனிக்கிறது. முயல் அகப்படாவிட்டாலும் ஓடியதே போதும். அதனால் துரத்தல் தனக்குத் தானே கூலி கொடுத்துக்கொள்ளும் பழக்கம். ஒவ்வொரு ஓட்டமும் அடுத்த ஓட்டத்துக்கான ஒத்திகையாகிவிடுகிறது. வயிறு நிறையச் சாப்பிட்ட நாயும் துரத்தும், பசிக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. கருத்தடை செய்தாலும் இந்தக் குணம் போகாது. “நன்றாக ஓடவிட்டுக் களைக்கவைத்தால் துரத்தாது” என்பதையும் நம்ப வேண்டாம். களைத்துப் படுத்திருக்கும் நாயும் அணில் அசைந்தால் எழுந்துவிடும்.

உங்கள் கையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. நாயின் நடை சட்டென்று நிற்கும். நாக்கு உள்ளே போய் வாய் மூடிக்கொள்ளும். காதுகள் முன்னால் குவியும், உடல் எடை முன்கால்களுக்கு மாறும், சில நாய்களுக்கு ஒரு முன்கால் மடங்கித் தூக்கியபடி நிற்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று நொடிதான் இப்படி இருக்கும். இந்த நொடிகளில் கூப்பிட்டால் காது கேட்கும். பாய்ந்த பிறகு கூப்பிட்டால் பல நாய்களுக்கு அது வெறும் சத்தம். ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும், அது எந்தக் கட்டத்தில் கை வைக்கிறது என்று கேளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

- எந்தக் கட்டத்தில் தடுக்கிறது: பார்க்கும்போதா, பாய்ந்த பிறகா, கவ்விய பிறகா?
- காட்டு விலங்குக்கு என்ன ஆகிறது: கடிபடாமல் இருந்தால் மட்டும் போதாது. மான் போன்ற விலங்குகள் உயிருக்குப் பயந்து ஓடி ஓடித் தசை சிதைந்து, சில மணி நேரமோ சில நாளோ கழித்துச் செத்துப்போவதுண்டு. தரையில் கூடு கட்டும் ஆள்காட்டி போன்ற பறவை எழுந்து பறந்தால் முட்டைகள் வெயிலிலோ குளிரிலோ திறந்து கிடக்கும்.
- நாய்க்கும் உங்களுக்கும் வரக்கூடிய காயம்.
- நாய்க்கு என்ன மிஞ்சுகிறது: மோப்பம் பிடிக்கவும் ஓடவும் இடம் இருக்கிறதா?
- உழைப்பு எவ்வளவு, ஒரு நாள் தவறினால் என்ன ஆகும்.

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. நூறு நாள் சரியாக நடந்துவிட்டு நூற்றொன்றாம் நாள் சாலையைக் கடந்து ஓடினால், முந்தைய நூறு நாளை வைத்து ஆறுதல் பட முடியாது.

## இடத்தையும் நேரத்தையும் மாற்றுவது

வேட்டை வரிசையை முதல் கட்டத்துக்கும் முன்பே அறுக்கும் வழி இது ஒன்றுதான். விலங்கு இல்லாத இடத்தில் துரத்தலும் இல்லை. முயல், மான், காட்டுப்பன்றி ஆகியவை விடியலிலும் அந்தி மயங்கும் நேரத்திலும்தான் அதிகம் நடமாடும். நாய்க்காரர்கள் நடக்கப் போவதும் பெரும்பாலும் அதே நேரத்தில்தான். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு போனாலே எதிர்ப்படுவது குறையும். வெயில் கடுமையான நாளில் மட்டும் இதில் கவனம் வேண்டும்; தரைச் சூடு பாதத்தைச் சுட்டுவிடும்.

கயிறு கட்டியிருக்கிறோமே, பறவைகளுக்கு என்ன தொல்லை என்று நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு அருகிலுள்ள காட்டுப் பகுதிகளில் நடத்தி 2007இல் வெளியிட்டார்கள். கயிற்றில் கட்டிய நாயுடன் ஒருவர் நடந்துபோனதிலேயே அங்கே தென்பட்ட பறவை வகைகள் 35 விழுக்காடும் பறவைகளின் எண்ணிக்கை 41 விழுக்காடும் குறைந்தன. நாய் ஒன்றையும் துரத்தவில்லை. அது அங்கே இருந்ததே போதுமாக இருந்தது. அதனால் கூடு கட்டும் பருவத்தில் புல்வெளி, நாணல், ஆற்று மணல், கடற்கரை மேடு ஆகிய இடங்களுக்குக் கயிறோ பயிற்சியோ விடையாகாது. அங்கே போகாமல் இருப்பதுதான் விடை. பாதுகாக்கப்பட்ட காடுகள் பலவற்றில் நாயை உள்ளே விடுவதில்லை, நுழைவிடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு விலை வசதிதான்: தூரம் போக வேண்டும், வழக்கமான பாதையை விட வேண்டும். வேலியடைத்த திடல் கிடைத்தால் நாய் அங்கே கயிறின்றி ஓடலாம். ஆனால் வேலியின் அடியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். முயல் நுழையும் துளை இருந்தால் டெரியர் அதைத் தோண்டி அகலமாக்கிவிடும்.

## குட்டைக் கயிறு (1.5 முதல் 2 மீட்டர்)

நம்பகமானது, எளியது, இன்றைக்கே தொடங்கலாம். துரத்தும் கட்டத்தில் உடல்ரீதியாகத் தடுக்கிறது. நாய் வேகம் எடுக்கவே இடம் இல்லாததால் இழுப்பின் அதிர்ச்சியும் குறைவு. சாலையோரம், ஆள் நெரிசல், ஆடுமாடு மேயும் இடம், குறுகிய பாதை ஆகியவற்றில் இதைவிட நல்லது இல்லை.

இதற்கு மறைவான செலவுகள் இரண்டு. முதலாவது கழுத்து. துரத்தும் நாயைக் கழுத்துப்பட்டையில் கட்டினால் ஒவ்வொரு பாய்ச்சலும் மூச்சுக்குழலில் இறங்கும். மார்பில் ஒய் (Y) வடிவில் வரும் ஹார்னெஸ், அதாவது உடலைச் சுற்றி மாட்டும் பட்டை, போடுங்கள்; பட்டை தோள் மூட்டுக்குக் குறுக்கே போகக் கூடாது, முன்கால் தடையின்றி முன்னே நீள வேண்டும். இரண்டாவது ஏக்கம். இரண்டு மீட்டரிலேயே ஆயுள் முழுதும் நடக்கும் நாய்க்கு மோப்பத்தின் ருசி தெரியாமல் போகும். அது தேங்கித் தேங்கி, ஒரு நாள் கொக்கி கழன்றதும் மொத்தமாக வெடிக்கும்.

பெட்டிக்குள் சுருளும் கயிறு இங்கே சேராது. அது எப்போதும் லேசாக இழுத்துக்கொண்டே இருப்பதால், இழுத்தால் நீளம் கிடைக்கும் என்று நாய்க்குக் கற்றுக்கொடுக்கிறது. மெல்லிய கயிறு விரலையும் காலையும் அறுக்கும். கை நழுவினால் பெட்டி தரையில் தடதடவென்று நாயின் பின்னாலேயே வரும்; மிரண்ட நாய் இன்னும் வேகமாக ஓடும்.

## நீளக் கயிறு (5 முதல் 15 மீட்டர்)

பலருக்கும் இதுவே சரியான தேர்வு. பலரும் தவறாகப் பயன்படுத்துவதும் இதையே.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 25 கிலோ நாய் பத்து மீட்டர் தொய்வு இருக்கும்போது பாய்ந்தால், கயிறு முடியும் இடத்தில் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தை எட்டிவிட முடியும். அப்போது அதன் இயக்க ஆற்றல் 800 ஜூல். எண்பது கிலோ மனிதர் ஒருவர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அளவு அது. அந்த அடி நாயின் முதுகிலும் உங்கள் தோள்மூட்டிலும் பிரிந்து இறங்கும். தோள் இறங்கிப்போனவர்களும் விரல் முறிந்தவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் அடிபடுகிறார்கள். பிழை நீளத்தில் இல்லை, தொய்வில் இருக்கிறது. கையில் பத்து மீட்டர் இருக்கிறது என்பதற்காகப் பத்தையும் விட்டுவைக்கக் கூடாது.

எதை வாங்குவது: மேலே வழுவழுப்பான பூச்சு கொண்ட பயோதேன் பட்டை தண்ணீர் குடிக்காது, புதரில் சிக்குவதும் குறைவு. 10 கிலோவுக்கு உட்பட்ட நாய்க்கு 9 மி.மீ. அகலம், 20 கிலோவுக்கு மேல் 13 முதல் 16 மி.மீ. நைலான் பட்டை இலேசு, ஆனால் நனைந்தால் கனக்கும், வெறுங்கையில் உருவினால் தோலை எரித்துவிடும். பழக்கமில்லாதவர்கள் 5 மீட்டரில் தொடங்குங்கள். முதல் கயிறே 15 மீட்டராக இருந்தால் ஒரு வாரத்தில் அது மூலையில் போய்விடும்.

எங்கே மாட்டுவது: ஹார்னெஸின் முதுகு வளையத்தில் மட்டும். கழுத்துப்பட்டையிலோ மூக்குப் பட்டையிலோ மாட்டினால் கழுத்தெலும்புக்கே ஆபத்து. மார்பு வளையத்தில் மாட்டினால் நாய் பாயும்போது உடல் முறுக்கிக்கொள்ளும். கயிற்றுக்கும் ஹார்னெஸுக்கும் நடுவே நீண்டு சுருங்கும் ஒரு துண்டைச் சேர்த்தால் அதிர்ச்சி தணியும்.

எப்படிப் பிடிப்பது: கையுறை போடுங்கள். மிச்சக் கயிற்றை எட்டு வடிவில் மடித்து உள்ளங்கையில் வையுங்கள். கையில் சுற்றவே கூடாது, கைப்பிடி வளையத்துக்குள் மணிக்கட்டையும் விடக் கூடாது. நாயிடமிருந்து 3 மீட்டரிலும் 7 மீட்டரிலும் இரண்டு நிறத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். பார்வைக்கு மறைவு உள்ள இடத்தில் 3, திறந்த வெளியில் 7, அதற்கு மேல் சுற்றிலும் பார்த்து ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு மட்டும். விலங்கு கண்ணில் பட்டால் கத்துவதற்கு முன் தொய்வை உள்ளே இழுங்கள். நாய் பாய்ந்தேவிட்டால் சட்டென்று பிடித்து நிறுத்தாமல், கையுறைக்குள் உருவவிட்டபடி மெல்ல மெல்ல இறுக்குங்கள். முழங்கால் மடங்கி ஒரு கால் பின்னால் இருக்கட்டும்.

கயிற்றைத் தரையில் இழுபடவிட்டுப் பின்னால் நடப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் முனையிலுள்ள கைப்பிடி வளையத்தை வெட்டி எடுத்துவிடுங்கள், அது வேரிலும் கல்லிலும் மாட்டும். காடடர்ந்த இடத்தில் இது வேண்டவே வேண்டாம். கயிற்றோடு ஓடிப்போன நாய் எங்கோ புதரில் சிக்கிக்கொண்டு, கூப்பிட்டாலும் வர முடியாமல் கிடக்கும்.

முட்டி தேய்ந்தவர், தடுமாறி விழக்கூடியவர், நாயின் எடைக்கு ஈடுகொடுக்க முடியாதவர் ஆகியோருக்கு நீளக் கயிறு ஒத்துவராது. குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. இரண்டு நாய்களை ஒருவரே நீளக் கயிற்றில் நடத்துவதும் வேண்டாம்.

## கூப்பிட்டால் திரும்பும் பயிற்சி

இது கைவைக்கும் இடம் உற்றுப் பார்க்கும் கட்டம். நன்றாக அமைந்தால் நாய்க்கும் விலங்குக்கும் இதைவிட நல்லது எதுவுமில்லை. ஆனால் காலம் எடுக்கும். மாதக் கணக்கில் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

“வா வா” என்று ஆயிரம் முறை கூப்பிட்டு நாய் வராமலிருந்த அதே சொல்லில் மறுபடி தொடங்காதீர்கள். அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. விசில் நல்லது: குரலில் இருக்கும் பதற்றமும் கோபமும் அதில் இல்லை, தூரம் போகும், வீட்டில் யார் ஊதினாலும் ஒரே ஒலி.

1. முதல் வாரம் வீட்டுக்குள். விசில், ஒரு நொடிக்குள் தீனி. நாய் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நாளுக்குப் பத்து முறை.
2. அடுத்த அறையிலிருந்து, பிறகு வாசலில் அல்லது மதிலுக்குள்.
3. நடக்கும் இடத்தில், நீளக் கயிற்றோடு, விலங்கே இல்லாத நேரத்தில்.
4. தொலைவில் நிற்கும் பறவை. பிறகு நடக்கும் பறவை. பிறகு மரத்தில் ஏறும் அணில். ஓடும் முயல் கடைசி.

ஒவ்வொரு நிலையிலும் பத்துக்கு ஒன்பது முறை திரும்பி வந்தால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள். தொடர்ந்து இரண்டு முறை தவறினால் ஒரு நிலை இறங்குங்கள். வெகுமதி ஒரு பிஸ்கட் துண்டு அல்ல. நாய்க்கு உயிரான தீனியை ஐந்தாறு துண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக, இருபது நொடி நீளக் கொடுங்கள். அல்லது நீங்களே எதிர்த்திசையில் ஓடி, துரத்தவிடுங்கள். முயல் தருவதோடு போட்டி போட வேண்டியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

தூரம் சரியா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. விலங்கை நாய் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூக்கருகே பிடித்த தீனியை நீட்டுங்கள். எடுத்தால் இந்தத் தூரத்தில் கற்க முடியும். முகத்தைத் திருப்பிக்கொண்டால், அல்லது கவ்வி உடனே கீழே போட்டால், மிக அருகில் இருக்கிறீர்கள். தீனி எடுக்கும்வரை பின்னால் போங்கள். அது முப்பது மீட்டராகவும் இருக்கலாம், நூற்றைம்பதாகவும் இருக்கலாம்.

இந்தப் பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். வராது என்று தெரிந்தும் ஊதுவது ஒன்று; ஒவ்வொரு தோல்வியும் விசிலைத் தேய்க்கிறது. வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கூப்பிடுவது இரண்டாவது; பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை திரும்ப ஓடவிட வேண்டும். மூன்றாவது, தாமதமாக வந்த நாயைத் திட்டுவது. அது ஓடியதற்குத் திட்டு வாங்கியதாக நினைக்காது, வந்ததற்கு வாங்கியதாகவே நினைக்கும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை பழகியதெல்லாம் மறந்ததுபோல நடக்கும் பருவம் வேறு குறுக்கிடும். அப்போது கயிற்றுக்குத் திரும்புங்கள், பதற வேண்டாம்.

சில நாய்களுக்குத் திரும்பி வருவதைவிட நின்ற இடத்தில் நிற்பது எளிது. திரும்பினால் முயலைக் கண்ணிலிருந்து இழக்க வேண்டும். “நில்” என்றால் பார்த்துக்கொண்டே நிற்கலாம். மேய்ப்பு இன நாய்களிடம் இதை முதலில் முயன்று பார்க்கலாம்.

கண்ணால் வேட்டையாடும் இனங்களிலும் மோப்ப இனங்களிலும் எவ்வளவு பழக்கினாலும் ஓடும் முயல் என்ற கடைசி நிலையைத் தாண்டாத நாய்கள் இருக்கின்றன. அது உங்கள் தோல்வி அல்ல. அந்த நாய்க்குக் கயிறும் வேலியடைத்த திடலும் வாழ்நாள் ஏற்பாடு.

## ஆசைக்கு வேறு வடிகால்

துரத்தாதே என்று மட்டும் சொன்னால் அந்தத் துடிப்பு எங்கே போகும்? அதற்கு வேறு பாதை கொடுப்பதுதான் இந்த வழி. இனத்தின் ஆசை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அந்தக் கட்டத்துக்கு ஒத்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

உற்றுப் பார்க்கும் நாய்க்குப் பார்ப்பதையே வெகுமதியாக்கலாம். அசையாமல் நின்று பறவையைப் பார்க்கிறது. தாழ்ந்த குரலில் பாராட்டிக்கொண்டே இருங்கள். அது தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கும் அந்தக் கணத்தில் தீனி, பிறகு மறுபடி பார்க்க அனுமதி. சில வாரத்தில் பறவையைக் கண்டதும் தானாகவே உங்களைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கும். மோப்ப நாய்க்குப் புல்லில் தீனியை இறைத்துத் தேடவிடலாம், இழுத்துச்சென்ற வாசனைத் தடத்தைத் தொடரவிடலாம். டெரியருக்குத் தோண்ட மண்குழி, கிழிக்க அட்டைப்பெட்டி.

துரத்தும் நாய்க்கு ஒரு மீட்டர் கழியின் முனையில் கயிறும் பொம்மையும் கட்டித் தரையோடு இழுத்து விளையாடலாம். இரண்டு மூன்று நிமிடம் போதும். காத்திரு, எடு, விடு என்ற மூன்று ஆணைகளும் உள்ளே இருக்க வேண்டும். ஆணை இல்லாமல் வெறுமனே சுழற்றினால் துரத்தும் வெறியைத்தான் வளர்க்கிறீர்கள். எலும்பு முதிராத குட்டியைத் துள்ளவைக்க வேண்டாம். அரை மணி நேரம் ஓயாமல் பந்து எறிவதும் இதே தவறுதான். மூட்டும் தேயும், நாயும் அடங்காது.

இது தனியாக நிற்காது. கயிற்றோடும் விசிலோடும் சேர்ந்தால்தான் வலு.

## ஷாக் காலர்

பாயும் கட்டத்தில் வலி கொடுத்துத் தடுக்கும் கருவி. ஆய்வுகளை இரு பக்கமும் சொல்வதுதான் நியாயம். 2020இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 63 நாய்களை வைத்து வெளியிட்ட ஒப்பீட்டில், கூப்பிட்டால் வரும் பயிற்சியில் மின்காலர் வெகுமதிப் பயிற்சியை விஞ்சவில்லை. 2024இல் அமெரிக்காவில் 19 நாய்களைக் கொண்டு வெளியான ஆய்வில், வேகமாக இழுக்கப்படும் பொம்மையைத் துரத்துவதை மின்காலர் விரைவில் நிறுத்தியது, தீனி நிறுத்தவில்லை. ஆனால் அங்கே ஓடியது உயிருள்ள விலங்கு அல்ல, பொம்மை.

வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வெறியில் இருக்கும் நாய்க்கு வலி உறைக்காமல் போகலாம், அப்போது அளவைக் கூட்டிக்கொண்டே போக நேரும். வலி எதோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்பதும் நம் கையில் இல்லை. அதே நொடியில் ஒரு குழந்தை எதிரே வந்தால், அல்லது இன்னொரு நாய் குரைத்தால், அச்சம் அவர்கள் மேல் விழும். பிறகு துரத்தும் நாயை வைத்திருந்தவர் கடிக்கும் நாயை வைத்திருப்பவர் ஆகிவிடுவார். மின்முனைகள் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் தோல் புண்ணாகும். சட்டமும் இடத்துக்கு இடம் வேறு: வேல்ஸில் 2010 முதல் தடை, ஐரோப்பாவில் வேறு சில நாடுகளிலும் தடை.

## வாய்க்கூடு, ஜி.பி.எஸ்., மணி

மூன்றும் துணைக் கருவிகள். கூடைபோன்ற வாய்க்கூடு கவ்வுவதை மட்டும் தடுக்கும், துரத்தலை அல்ல. நாய் உள்ளே வாய் திறந்து இளைக்கும் அளவு பெரிதாக இருக்க வேண்டும். துணியால் வாயை இறுக்கும் வகை நடைக்கு ஆகாது, உடல் சூடேறி நாய் மயங்கிவிடும். ஜி.பி.எஸ். எல்லாம் முடிந்த பிறகு நாய் எங்கே என்று சொல்லும். கைபேசி வலையை நம்பியிருக்கும் வகை, சிக்னல் இல்லாத காட்டில் ஒன்றும் சொல்லாது. கழுத்து மணி, விலங்குக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கும். ஆனால் அதனாலேயே கூட்டைவிட்டு எழும் பறவையும் உண்டு.

| வழி | தடுக்கும் கட்டம் | நாயின் சுதந்திரம் | உழைப்பு | மறைவான செலவு | ஒரு நாள் தவறினால் |
|---|---|---|---|---|---|
| இடம், நேரம் மாற்றம் | தொடங்கும் முன்பே | இடத்தைப் பொறுத்து | குறைவு | தூரம், நேரம் | எதிர்பாராத விலங்கு |
| குட்டைக் கயிறு | பாய்ச்சல் | மிகக் குறைவு | குறைவு | ஏக்கம், கழுத்துச் சுமை | கொக்கி கழன்றால் ஓட்டம் |
| நீளக் கயிறு | பாய்ச்சல் | நடுத்தரம் | நடுத்தரம் | கைத்திறன், தோள்மூட்டு | காயம், சிக்கல் |
| விசில் பயிற்சி | உற்றுப் பார்த்தல் | மிகுதி | மிக அதிகம் | மாதங்கள் | கட்டற்ற ஓட்டம் |
| மாற்று வடிகால் | பார்த்தல் முதல் துரத்தல் வரை | மிகுதி | அதிகம் | ஆணையின்றி ஆடினால் வெறி கூடும் | கயிறு இருந்தால் சமாளிக்கலாம் |
| ஷாக் காலர் | பாய்ச்சல் | மேலுக்கு மிகுதி | நடுத்தரம் | அச்சம், ஆக்ரோஷம், சட்டம் | வலியோடு ஓட்டம் |
| வாய்க்கூடு | கவ்வுதல் | கயிற்றைப் பொறுத்து | குறைவு | போடப் பழக்கும் நாட்கள் | துரத்தலே விலங்கைக் கொல்லலாம் |

## உங்கள் நிலைக்கு எது

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி: விசிலை இப்போதே தொடங்குங்கள். ஒருமுறைகூட முழு ஓட்டம் ஓடிப்பார்க்காத நாயைப் பழக்குவது, ஐம்பது முறை ஓடிய நாயைப் பழக்குவதைவிடப் பல மடங்கு எளிது. வெளியே 5 மீட்டர் கயிறு.

புதிதாகத் தத்தெடுத்த வளர்ந்த நாய்: அதன் பழைய கதை தெரியாது. குறைந்தது மூன்று மாதம் கயிறு, ஹார்னெஸோடு கழுத்துப்பட்டையையும் இணைக்கும் பாதுகாப்புக் கொக்கி, வேலியடைத்த திடல்.

கண்ணால் வேட்டையாடும் இனம்: திறந்த வெளியில் கயிறைக் கழற்ற வேண்டாம். நூறு மீட்டருக்கு அப்பால் அசைவது அதற்குத் தெரியும், நீங்கள் பார்ப்பதற்குள் அது புறப்பட்டிருக்கும். நீளக் கயிற்றிலும் 5 மீட்டரைத் தாண்டாதீர்கள். அதற்கு மேல் இடம் கொடுத்தால் இந்த இனங்கள் சட்டென்று வேகம் பிடித்துவிடும்.

மோப்ப இனம்: 10 மீட்டர் கயிறும் தடம் தேடும் விளையாட்டும். மூக்கு தரையில் ஒட்டி, வால் விறைத்து, நடை வேகமானால் விலங்கைக் கண்ணால் காணும்வரை காத்திருக்காதீர்கள். அப்போதே கூப்பிடுங்கள்.

மேய்ப்பு இனம், ரிட்ரீவர்: விசிலும் மாற்று வடிகாலும் நன்றாகப் பலிக்கும் கூட்டம் இது. நீளக் கயிற்றிலிருந்து மெல்ல விடுதலை நோக்கிப் போகலாம்.

இரண்டு நாய்கள்: ஒன்று பாய்ந்தால் மற்றதும் பாயும். தனித்தனியாகப் பழக்கி, இரண்டும் தனியே தேறிய பிறகே சேர்த்து நடத்துங்கள். அப்போதும் ஒன்றாவது கயிற்றில் இருக்கட்டும்.

விலங்கை ஏற்கெனவே கொன்ற நாய்: கயிறு, வாய்க்கூடு இரண்டும். கயிறின்றி நடத்தும் எண்ணத்தைக் கைவிடுங்கள்.

## எல்லாம் மீறி ஓடிவிட்டால்

பின்னால் ஓடாதீர்கள். நீங்களும் வேட்டைக்கு வருகிறீர்கள் என்று நாய் நினைக்கும். ஓட்டம் தொடங்கிய இடத்திலேயே நில்லுங்கள். பெரும்பாலான நாய்கள் வந்த தடத்தை மோந்துகொண்டு அங்கேதான் திரும்பும். சில நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் அங்கேயே இருக்க, மற்றவர் சாலைப் பக்கம் போகட்டும். இருட்டும்வரை வராவிட்டால் நீங்கள் உடுத்திய துணியை அந்த இடத்தில் விட்டுவையுங்கள், பக்கத்தில் தண்ணீரும்.

திரும்பி வந்ததும் திட்டாமல், கொஞ்சமும் அவசரப்படாமல் கொக்கியை மாட்டுங்கள். நிழலில் நிறுத்தி, மூச்சு இளைப்பு பத்து நிமிடத்தில் தணிகிறதா பாருங்கள். தணியாமல் ஈறு அடர்சிவப்பாகவோ வெளிறியோ இருந்தால், நடை தள்ளாடினால், வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். உடலைத் தண்ணீரால் நனைத்து, காற்றுப்படும்படி வைத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். தணிந்தால் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும், வயிற்றுப்பக்கத்தையும், வாயின் உள்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். முள்வேலிக் கீறல் ரோமத்துக்குள் மறைந்திருக்கும். முள்ளம்பன்றியைத் துரத்திய நாய்க்கு முள் தோலுக்குள் முறிந்து கிடக்கும், அதை வீட்டில் பிடுங்க முயலாதீர்கள். அடுத்த சில நாள் வேறு பாதையில், குட்டைக் கயிற்றில் மட்டும் நடங்கள். ஓடிய இடத்துக்கு உடனே போனால் நாய் அங்கே முயலைத் தேடும்.